கொய்யா எறும்பும் மொரீஷியஸ் பல்லியும்

மார்ச் 8, வில்லியனூர்

கொய்யாவின் இளங்கிளைகளில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. வெள்ளைப் பஞ்சை விலக்கினால் அடியில் கறுப்புச் சிற்றெறும்பு. பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவம் எறும்புக்குத் தீனி. பதிலுக்கு, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பு விரட்டும். எறும்பை விட்டுவிட்டு மருந்து மட்டும் அடித்தால் பூச்சி சீக்கிரமே திரும்பிவிடும்.

மார்ச் 9

இதே கூட்டு மொரீஷியஸ் மலைக்காட்டில் ஒரு செடியின் வம்சத்தையே அறுக்கிறது.

அங்குள்ள நீலவால் பகல்பல்லி (ஃபெல்சூமா செபிடியானா) இயற்கையாக வாழ்வது அந்தத் தீவில் மட்டும்தான். ரீயூனியனில் இருப்பது மனிதர் கொண்டுபோனது. நம் வீட்டுப் பல்லி விளக்கடியில் காத்திருக்கும். இது வெயிலில் நடமாடும், பூச்சியோடு பூந்தேனும் நக்கும். ரூசியா என்ற படர்புதரும் மொரீஷியஸுக்கே உரியது. அதன் மணிப்பூவுக்குள் பல்லி தலையை விடும்போது மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. பழத்தில் கசியும் கூழை நக்குவதும் அதே பல்லி. பொடி விதைகள் அதன் எச்சத்தோடு விழுகின்றன. இரண்டு வேலைக்கும் ஒரே ஆள் என்பது செடிகளில் மிக அபூர்வம். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்து சேர்ந்த வெள்ளைக்கால் எறும்பு, பூவிலும் பழத்திலும் மாவுப்பூச்சியை வளர்த்து அதன்மேல் மண்கூடு கட்டுகிறது. ஹான்சனும் முல்லரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எறும்பு பிடித்த பூவைப் பல்லி ஒதுக்குகிறது. மகரந்தமும் போச்சு, விதை போகும் வழியும் போச்சு.

மார்ச் 15

கொய்யாவில் எறும்பு ஏறாமலிருக்க, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நாலு விரல் அகலத்துக்குத் தண்டைச் சுற்றி முதலில் துணி, அதன்மேல் பாலித்தீன், மேலும் கீழும் சணல் கட்டு. தண்டு மேடுபள்ளமாக இருக்கும். துணி இல்லாவிட்டால் இடுக்கு வழியே எறும்பு ஏறிவிடும். கிரீஸ் பாலித்தீன்மேல்தான் பூச வேண்டும், மரப்பட்டையில் படக்கூடாது. மாலையில் லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய் தெளிப்பு. எண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாக அடித்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் மிதந்து இலை கருகும்.

மார்ச் 17

எறும்பு மறுபடி மேலே. ஒரு கிளை மதிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண் வெட்டியாயிற்று.

கிரீஸில் ஒரு பல்லிக்குஞ்சு. இழுக்கவே கூடாது, வால் கழன்றுவிடும், விரல் தோல் கிழியும். தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சுத் திரியால் ஒவ்வொரு காலாக விடுவிக்க வேண்டும். பூச்சு கனமாக இருந்ததுதான் தப்பு. மெல்லிய படலம் போதும், காலையும் மாலையும் பார்வையிட வேண்டும்.

மார்ச் 24

வீராம்பட்டினம் பக்கம் தாழைப் புதர். மொரீஷியஸிலும் தாழை இனங்கள் உண்டு, பகல்பல்லிக்கு முள்மடல்தான் பதுங்கிடம். அதை விட்டு அதிக தூரம் போகாது. அதே பல்லி மகரந்தம் சேர்க்கும் இன்னொரு பூச்செடி டிரோக்கீசியா. அதனால் தாழையருகே நிற்கும் டிரோக்கீசியா செடிகள் தள்ளி நிற்பவற்றைவிட நன்றாகக் காய்க்கின்றன. முள் என்று தாழையை வெட்டியெறிபவர்கள் இதை அறிய வேண்டும்.

நர்சரியிலிருந்து வந்த தொட்டியை விளிம்புவரை தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வைக்கவும். வெள்ளைப் புழுவைத் தூக்கிக்கொண்டு எறும்பு மேலே ஓடி வந்தால், உள்ளே கூடு இருக்கிறது. அந்தத் தொட்டி இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கூடாது.