மார்கழியில் கடலைக்குக் கார் பழக்கினோம்

தை பிறந்து இரண்டாவது வாரம் எனக்குக் கல்யாணம். வீட்டில் ஆளாளுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்க, நான் மட்டும் பாதி மார்கழியைக் காரின் பின்சீட்டில் பழைய போர்வையை விரித்துப்போட்டு, நாய் வாந்தி எடுக்கப்போகிறதா இல்லையா என்று அதன் வாயையே பார்த்தபடி கழித்திருக்கிறேன்.

நாயின் பெயர் கடலை. நாலு வருடம் முன்னால் மதுரை பைபாஸ் ரோட்டில் கடலை வறுக்கிற தள்ளுவண்டிக்கு அடியில், மழைக்கு ஒண்டிக்கொண்டு கிடந்தவன். இடுப்பு ஒடுங்கிக் கால் நீண்டிருக்கிறது என்பதால் சிப்பிப்பாறைக் கலப்பு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவன் சுத்தமான தெரு. கல்யாணம் முடிந்து நான் சென்னைக்குப் போகும்போது அவனும் வருகிறான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டேன், அப்போது எல்லோரும் சிரித்தார்கள். சொன்னதை நிஜமாகவே செய்யப்போகிறேன் என்று தெரிந்த பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

முதலில் வீடு. மாப்பிள்ளைக்கு வேலை சென்னையில். (நேரில் பேசும்போது அவன்தான், ஆனால் அத்தை இதைப் படிப்பார் என்பதால் இங்கே அவர்.) மூன்று மாதமாக அவர் வீடு தேடினார். சைவமா, எத்தனை பேர், எங்கே வேலை, எல்லாம் கேட்டு முடித்து, சரி தம்பி வந்து பாருங்க என்ற பிறகு நாய் என்ற வார்த்தை வரும், போன் அங்கேயே முடிந்துவிடும். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, அதை அச்செடுத்துக்கூட வைத்திருந்தோம். ஆனால் வாடகைக்கு விடுகிறவரிடம் அதைக் காட்டி என்ன ஆகப்போகிறது, யாருக்கு வீடு கொடுப்பது என்பது அவர் இஷ்டம். கடைசியில் மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. மாநகராட்சி உரிமத்துக்காகக் கடலையின் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டேன். என் ஆதார் அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் தேட வேண்டும்.

அடுத்தது ரயில். மூன்றடுக்கு ஏசியிலோ இரண்டடுக்கு ஏசியிலோ நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயோ நாலு பேர் கேபினோ முழுக்க நம் பெயரிலேயே இருந்தால் கூட வைத்துக்கொள்ளலாம், பார்சல் அலுவலகத்தில் எடைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் வேனில் இருக்கிற நாய்ப்பெட்டி, அந்த இருட்டில் இரவு முழுக்க அவனைத் தனியாக விட என்னால் ஆகாது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆனால் கூபே கிடைத்ததா இல்லையா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கிடைக்கவில்லை என்றால் மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு 460 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். கடலையோ தெருமுனை திரும்புவதற்குள் வாயில் எச்சில் வழிய ஆரம்பித்துவிடுகிறவன்.

அதனால்தான் இந்தக் கார்ப் பயிற்சி. மார்கழியில் நல்ல காரியம் எதுவும் கூடாது என்று வீட்டில் எல்லோரும் கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்ததும் வசதியாகப் போயிற்று.

அதற்கு முன்னால், கார்த்திகையில் நடந்த பத்திரிகைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியிலிருந்து பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிய அன்று, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு என்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு எடுத்துவைத்தார் அம்மா. எங்கள் குலதெய்வம் கருப்பசாமி, உசிலம்பட்டிப் பக்கம். அம்மா சூடம் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், கடலை அந்தப் பத்திரிகையை மட்டும் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். வெற்றிலையைத் தொடவில்லை. இழுத்து எடுத்தபோது முகூர்த்த நேரம் இருந்தது, என் பெயர் இருந்தது, மாப்பிள்ளை பெயரும் அவர் படிப்பும் பாதி வயிற்றுக்குள் போயிருந்தன. அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது, அபசகுனம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார்.

“ஏத்தா, பைரவரே வந்து வாங்கிக்கிட்டாருன்னு நெனச்சுக்க. கருப்பனுக்கு இன்னொண்ணு எடுத்து மஞ்சத் தடவு.”

பிரச்சினை அதோடு முடிந்தது. எண்பத்திரண்டு வயதில் அப்பத்தாவுக்கு இருக்கிற இந்தச் சமயோசிதம் எங்கள் மண்டப மேனேஜருக்கு இருந்திருக்கலாம். பேசிய வாடகைக்கு மேல் மீட்டர் பார்த்துக் கரண்டுக்குத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, கூட்டிப் பெருக்கத் தனி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நாயை ஒரு அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “மனுசங்களுக்கே ரூம் பத்தலம்மா” என்றார். அதுவும் நியாயம்தான். அன்றைக்குக் கடலை வீட்டில் இருப்பான், பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு வைப்பார். எத்தனை மணிக்கு எந்த மண்டபத்தில் இருப்போம் என்று நாமே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம், காவலுக்கு ஒருத்தன் இருப்பது நல்லதுதான் என்று அப்பாவும் சமாதானமாகிவிட்டார்.

சரி, பயிற்சி. முதல் வாரம் கீழக்குயில்குடி. தேனி ரோட்டில் போய்த் திரும்பினால் சமணர் மலை, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. காலை ஆறரைக்கு அடிவாரத்தில் தாமரைக் குளத்தின் மேல் பனி அப்படியே நின்றது, அய்யனார் கோயில் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில் கடலையைக் கட்டிவிட்டு நானும் மாப்பிள்ளையும் மேலே போகலாம் என்றுதான் திட்டம். ஊர் நாய்கள் ஐந்தாறு வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டு அவனையே பார்த்தன. விட்டுவிட்டுப் போக முடியுமா. ஒருத்தர் மாற்றி ஒருத்தர்தான் போனோம். அவர் படியேறிப் பேச்சிப்பள்ளம் போய், பாறையில் வரிசையாக இருக்கிற தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் வந்ததும் பெல்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் மலையைச் சுற்றிக்கொண்டு செட்டிப்புடவு போனேன். அங்கே பாறையில் பெரிதாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரைத்தான் ஊர்க்காரர்கள் செட்டியார் என்கிறார்கள், குகைக்குப் பெயர் வந்தது அப்படித்தான். உள்ளே சிங்கத்தின் மேல் ஒரு பெண், எதிரே யானை மேல் ஒருவன், இரண்டு பேரும் சண்டைக்கு நிற்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கு மேலாக. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வந்து அவர் எடுத்த படத்தை நானும் நான் எடுத்த படத்தை அவரும் பார்த்தோம். ஒரே மலைக்கு ஒரே நாளில் போய், ஆளுக்குப் பாதி பார்த்துத் திரும்பிய ஜோடி நாங்களாகத்தான் இருப்போம். கடலை அன்றைக்கு வாந்தி எடுக்கவில்லை.

இரண்டாவது அழகர்கோயில். அது தப்பு. குரங்குகள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, காரின் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

மூன்றாவதாக அரிட்டாபட்டி போவதாக இருந்தது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், பாறை இடுக்குகளில் வல்லூறு கூடு கட்டுகிற இடம். நாயைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கடலையின் டாக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். நாயிடமிருந்து காட்டு விலங்குக்கும் அதனிடமிருந்து நாய்க்கும் நோய் போகும், உண்ணி ஏறும், தரையில் முட்டையிடுகிற பறவைகளை நாய் வாசனையே கலைத்துவிடும் என்று விளக்கினார். நாங்கள் மட்டும் ஒரு நாள் போகலாம் என்று விட்டுவிட்டோம். பயணத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்துங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

இதற்கு நடுவில் பூனை. எங்கள் வீட்டுப் பூனை அம்மிணிக்கு வயிறு பெருத்திருந்ததை இந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அப்பாதான் குட்டி போட்ட பூனை மாதிரி கணக்கு நோட்டோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், முகூர்த்தத்துக்கு மல்லி என்ன விலைக்குப் போகும் என்ற கவலை. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்துவிடும், முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, மதுரைக்காரன் பெண் கல்யாணத்துக்கு எட்டவில்லை என்று புலம்பிக்கொண்டே தாம்பூலப் பைகளை எண்ண அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே அம்மிணியும் மூன்று குட்டிகளும். ஐந்நூறு பைகளில் நாற்பது போய்விட்டது. மிச்சத்தை அடியிலிருந்து மெதுவாக உருவி எடுப்பதற்கு மூன்று நாள் ஆயிற்று, ஒவ்வொரு முறையும் அவள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. சாமான் வைக்க வருகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

கடைசிப் பரீட்சை சிறுமலை. அவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அங்கே வீட்டில் நாங்கள் இட்லி சாப்பிட, கடலை பட்டினி. கொண்டை ஊசி வளைவு பதினெட்டு. ஐந்து வரைக்கும் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வந்தான். எட்டில் கொட்டாவி விட்டான். பத்தில் உதட்டை நக்கினான், எனக்குத் தெரிந்துவிட்டது, வண்டியை நிறுத்துங்கள் என்கிறேன், வளைவில் எங்கே நிறுத்துவது என்கிறார், பதினொன்றில் முன்சீட்டுக்கு இடையில் தலையை நீட்டி, பின்னால் கழற்றிப்போட்டிருந்தால் பிழைத்திருக்கும், ஆனால் முன்னால் கழற்றிப்போட்டிருந்த மாப்பிள்ளையின் புதுச் செருப்பின் மேல் எல்லாவற்றையும் இறக்கினான். நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டில் எடுத்துக் கொடுத்த செருப்பு.

பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. காரில் பேச்சே இல்லை. கோபம் என்று நினைத்தேன். வெறும் வயிற்றில் இவ்வளவு எப்படி வந்தது என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது வளைவில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“ஒரு வடைதான் குடுத்தேன். பாவமாப் பார்த்தான்.”

மேலே போய்ச் செருப்பைக் கழுவினோம். கடலையைப் பெல்ட்டோடு ரோட்டோரத்திலேயே நடக்கவிட்டோம், முதுகில் வாழைத்தார் சுமந்து ஒரு குதிரை எதிரே வந்ததும் அவன் குரைப்பதை மறந்து வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். அந்த மலைவாழையில் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டோம். தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே பழம் கெடாது, கல்யாணக் களேபரத்தில் மறந்துபோனாலும் பயமில்லை. இறங்கும்போது பதினெட்டு வளைவிலும் கடலை நன்றாகத் தூங்கினான். பட்டினி சரியாக இருந்தால் சென்னை வரை வந்துவிடுவான் போலிருக்கிறது.

நேற்று ராத்திரி சீர்வரிசைத் தட்டுகளுக்கு அம்மா பட்டியல் எழுதினார். குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், பழம், பூ, இனிப்பு, வளையல் என்று மொத்தம் இருபத்தொன்று. அப்புறம் என்ன நினைத்தாரோ, கடைசியில் கடலையின் சாப்பாட்டுத் தட்டு, பெல்ட், ஊசி அட்டை என்று ஒரு வரி சேர்த்தார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா விரல்விட்டு எண்ணிவிட்டு, இருபத்திரண்டு ஆகிவிட்டது, சீர்த்தட்டு இரட்டைப்படையில் போகக்கூடாது என்றார். ஒன்றைக் குறைக்க அம்மாவுக்கு மனசில்லை. நாய்த் தட்டை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்க, அப்பத்தா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சிறுமலைப் பழம் ஒரு தட்டு தனியாக வைக்கிறோம். இருபத்துமூன்று.