புது மாடரேட்டரின் நடுநிலையை எப்படிச் சோதிக்கிறோம்

விண்ணப்பத்தில் "நான் யார் பக்கமும் சாய மாட்டேன்" என்று எழுதாதவரே கிடையாது. அதனால் அந்தப் பதிலை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. எங்கள் டிஸ்கார்ட் சர்வருக்கு (கேம் ஆடுபவர்கள் சேர்ந்து பேசும் ஆன்லைன் குழு) மாடரேட்டராக, அதாவது புகார்களைப் பார்த்து ஒழுங்கைக் காப்பவராக, ஆள் எடுக்கும்போது பார்ப்பது ஒன்றைத்தான். தன் கிளான்காரர் (கேமில் ஒரே அணியில் இருப்பவர்) செய்த தப்புக்கும் முன்பின் தெரியாதவர் செய்த அதே தப்புக்கும் ஒரே தண்டனை தருகிறாரா?

பழைய புகார்களில் 12 எடுத்து, பெயர், படம் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். அதில் 3 ஜோடிகள் ஒரே தப்பு. ஜோடியில் ஒருவருக்கு விண்ணப்பதாரரின் கிளான் டேக் (பெயரோடு வரும் அணிக் குறி) இருக்கும், இன்னொருவர் புது ஆள். ரேங்க்டு மேட்ச் தோற்றதும் ஒருவர், "விளையாடத் தெரியலன்னா அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போ" என்று மூன்று முறை போடுகிறார் என்று வையுங்கள். புது ஆளுக்கு 1 நாள் டைம்அவுட் (அதுவரை எதுவும் எழுத முடியாது), கிளான்காரருக்கு மட்டும் "ஏதோ சூட்டுல சொல்லிட்டான், வார்னிங் போதும்" என்று வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஜோடியை அடுத்தடுத்துக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். நான்கைந்து நாள் இடைவெளி விட்டு, வார்த்தைகளையும் மாற்ற வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். நேர்மையைக் காட்டவேண்டும் என்று நண்பனுக்கு இரண்டு மடங்கு தண்டனை தருவார்கள். அதுவும் சாய்வுதான். "இவர் என் கிளான், வேறு யாராவது பார்க்கட்டும்" என்பவருக்கே முழு மதிப்பெண்.

இரண்டு புகார்களில் ஸ்கிரீன்ஷாட்டை வேண்டுமென்றே வெட்டித் தருவோம். திட்டியது தெரியும், அதற்கு மேலே மற்றவர் ஆறு வரி சீண்டியது தெரியாது. "முழு சாட்டைக் காட்டுங்கள்" என்று கேட்காமல் தீர்ப்பு சொன்னால் மதிப்பெண் குறையும். பதில்களை மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதி வைத்த பிறகுதான் பேசுவோம். முதலில் பேசினால் மூத்த அட்மின் சொன்னதே எல்லோர் கருத்தாகிவிடும்.

தேறியவருக்கு 30 நாள் சோதனைக் காலம். டைம்அவுட் கொடுக்கவும் மெசேஜை அழிக்கவும் மட்டும் அதிகாரம், பேனும் (மீண்டும் சேர முடியாதபடி நீக்குவது) கிக்கும் (வெளியேற்றுவது) கிடையாது. டிஸ்கார்டின் ஆடிட் லாக் (யார் என்ன நடவடிக்கை எடுத்தார் என்ற பதிவு) 45 நாள்தான் நிற்கும் என்பதால் வாராவாரம் தனியாகக் குறித்து வைக்கிறோம். யாருடைய மெசேஜை அழித்தார் என்று அதில் இருக்கும், அழித்த மெசேஜில் என்ன இருந்தது என்பது இருக்காது. பாட் (தானியங்கி உதவி நிரல்) வழியாக டைம்அவுட் கொடுத்தால் பாட்டின் பெயர்தான் பதிவாகும். ஆகவே பாட்டின் சொந்த லாக்கையும் முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: கொடுத்த தண்டனைகளை மட்டும் எண்ணுகிறார்கள். இரவு நேரம் பார்ப்பவருக்கு ஸ்பாம் அதிகம் வந்தால் எண்ணிக்கையும் ஏறும், அதில் ஒன்றும் தெரியாது. சலுகை ஒளிந்திருப்பது கண்டுகொள்ளாமல் விட்ட புகார்களில். அது எந்த லாக்கிலும் வராது. அவர் பார்த்தும் நடவடிக்கை எடுக்காத புகார்களில் 10 எடுத்து, யார் மீதான புகார் என்று பாருங்கள். அதே நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் சோதனைக் காலத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கடைசியாக அப்பீல். அவருடைய முடிவை வேறொருவர் மாற்றும்போது, "இதை நான் கவனிக்கல" என்று புகார் கொடுத்தவருக்கே எழுதுகிறவரிடம் பேன் அதிகாரத்தைத் தருகிறோம்.