ஒரே ஒரு 'வரை'

போன வாரம் ஒரு மீட்டிங்குக்குள் நுழையும் அவசரத்தில், கூட வேலை பார்ப்பவருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். 'டோன்ட் கால் மி அன்டில் ஐ ஆம் இன் த மீட்டிங்.' 11 மணிக்கு மீட்டிங் தொடங்கியது. 11.02-க்கு போன் அடித்தது. அவர்தான். கட் செய்தேன். மறுபடி அடித்தது. எதிரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் போனையே பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் மெசேஜை என்னிடமே காட்டினார். மீட்டிங்குக்குள் போகும் வரை கூப்பிடாதே, போனபிறகு கூப்பிடு என்றுதான் அதில் இருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் நான் சொல்ல வந்தது புரிந்திருக்கும். அவரும் இதே தப்பைப் பண்ணியிருப்பார்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தால், குற்றவாளி நம்முடைய 'வரை'. 'நான் வரும் வரை இரு' என்பதிலும் அதே வரை, 'நான் இருக்கும் வரை கவலைப்படாதே' என்பதிலும் அதே வரை. முதலாவதில் நான் வந்துசேரும் அந்த நொடிதான் எல்லைக்கோடு. இரண்டாவதில் நான் இருக்கிற காலம் முழுக்கவே கணக்கு. ஆங்கிலத்தில் முதலாவதற்கு அன்டில், இரண்டாவதற்கு ஆஸ் லாங் ஆஸ், இல்லையென்றால் வைல். நமக்கு இந்த வேலையைப் பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லே பார்த்துக்கொள்கிறது. வா, முடி, கிளம்பு என்று சட்டென நடந்துவிடுகிற வினை என்றால் அன்டில்; இரு, வாழ் என்று நீளுகிற வினை என்றால் ஆஸ் லாங் ஆஸ். நான் 'இருக்கும் வரை' என்று நினைத்து அன்டில் எழுதினேன். மாட்டிக்கொண்டேன்.

இதில் எதிர்மறை சேர்ந்தால் இன்னும் கூத்து. 'நீ சொல்லாத வரை போக மாட்டேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே தூக்கி 'அன்டில் யூ டோன்ட் டெல் மி' என்று நான் எத்தனை முறை எழுதியிருப்பேனோ! அன்டிலுக்குள் அந்த 'சொல்லாத' ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. 'அன்டில் யூ டெல் மி' போதும். 'வரும் வரை' என்பதில் எதிர்காலம் தெரிவதால் உள்ளே ஒரு 'வில்' போடவும் கை போகும். அதையும் போடக்கூடாது.

சரி, நமக்கு எல்லாமே குழப்பம்தானா என்றால் இல்லை. '6 மணி வரை வேலை', '6 மணிக்குள் வேலை' இரண்டையும் தமிழில் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. 'வரை'க்கு அன்டில், 'குள்'ளுக்கு பை, அவ்வளவுதான். 'நான் போவதற்குள் கிளம்பிவிட்டார்' என்றால் பை த டைம். 'போவதற்கு முன் கிளம்பினார்' என்றால் பிஃபோர். முன்னதில் 'அட, அதற்குள்ளேயா!' என்றொரு அலுப்பு இருக்கிறது. பின்னது எது முதலில், எது பிறகு என்று சொல்வதோடு சரி.

வென், வைல் விஷயத்திலும் நம்மிடம் நல்ல சூட்சுமம் உண்டு. 'நேற்று வரும்போது பார்த்தேன்', 'நேற்று வந்தபோது பார்த்தேன்'. இரண்டும் நேற்றுதான். ஆனால் முதலாவதில் நான் இன்னும் வழியில் இருக்கிறேன், இரண்டாவதில் வந்து சேர்ந்தாயிற்று. முதலாவதற்கு வைல், இரண்டாவதற்கு வென் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

அப்புறம் ஒரு ஆறுதல். இந்தத் தடுமாற்றம் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பக்கப் பேச்சுவழக்கில் வைல் என்றால் அன்டில். 'நைன் வைல் ஃபைவ்' என்றால் 9 முதல் 5 வரை. ரயில்வே கேட்டில் 'விளக்கு மின்னும்போது நில்' என்ற பொருளில் வைல் போட்டுப் பலகை வைத்தார்களாம். அந்த ஊர்க்காரர்கள் விளக்கு மின்னும் வரை நின்றுவிட்டு, மின்ன ஆரம்பித்ததும் வண்டியை எடுத்தார்களாம். யாரோ கட்டிவிட்ட கதை மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் என் 11.02 போனை நினைத்தால் சிரிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் சுற்றி வளைப்பதில்லை. 'கால் மி ஆஃப்டர் த மீட்டிங்' என்று எழுதிவிடுகிறேன். நேற்று அதே நண்பரிடமிருந்து ஒரு மெசேஜ்: 'ஆன் லீவ் அன்டில் மன்டே.' இரண்டு தடவை படித்தேன். திங்கட்கிழமை வருவாரா, அன்றைக்கும் லீவா? கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.