தவளை வருமா? ஒரு குளத்து நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2024, சனி

குழி வெட்டி முடிந்தது. இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்ட வேலை. தண்ணீர்க் காரியத்தை ஆடிப்பெருக்கன்று தொடங்கினால் நல்லது என்று அம்மா சொன்னதால்தான் இன்றைக்காவது நடந்தது. 8 அடி நீளம், 5 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம். கிழக்குப் பக்கத்தை மட்டும் நன்றாகச் சரித்து, கூழாங்கல் கொட்ட இடம் விட்டிருக்கிறேன்.

அந்தச் சரிவுக்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் பறவைகள் குடிக்கட்டுமே என்று துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி வைத்தேன். ஒரு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு தேரைகள் ஊதிப்போய் மிதக்கின்றன. தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது, சுவரோ செங்குத்து. தேரைக்கு நீந்தத் தெரியும், அதற்காக வாரக்கணக்கில் நீந்துமா? ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்திருந்தால் போதும், பிழைத்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் நிற்கக் குழிக்குள் போடுகிற தார்ப்பாயில் கல் குத்தாமல் இருக்க அடியில் ஒரு பழைய ஃப்ளெக்ஸை விரித்தேன். தெருமுனையில் கழற்றிப் போட்டிருந்த யாரோ ஒருவரின் கல்யாண வாழ்த்து. மாப்பிள்ளையும் பெண்ணும் இப்போது என் குளத்துக்கு அடியில் சிரித்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

11 ஆகஸ்ட்

குளத்தில் தண்ணீர் தேங்கி நின்றுவிட்டது. கூடுவாஞ்சேரியைத் தாண்டி எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின். குழாய்த் தண்ணீரையே பிடித்து இரண்டு நாள் வெயிலில் விட்டேன், வாசம் போய்விட்டது. இனி மழைக்கு மொட்டைமாடிக் குழாயை இங்கே திருப்பிவிட வேண்டும்.

ஏரியிலிருந்து அல்லிக்கிழங்கு இரண்டு, வேலம்பாசி ஒரு கைப்பிடி, அரை வாளிச் சேறு. கரையோரம் வல்லாரை. வெங்காயத்தாமரை வேண்டுமா என்று நர்சரிக்காரர் கேட்டார். பூ அழகுதான், ஆனால் ஆறு மாதத்தில் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வேண்டாம் என்றேன்.

ஒரு நண்பர் தன் ஊர்க் கிணற்றிலிருந்து தலைப்பிரட்டைகளைக் கவரில் பிடித்துத் தருகிறேன் என்றார். அதுவும் வேண்டாம். அங்கிருக்கிற நோயும் சேர்ந்து வரும், அதோடு இது முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். மனை போட்டு விற்றபோது நெல் போயிற்று, தவளை போகவில்லை. பக்கத்துக் காலி மனையில் மழைக்குக் கத்துகிறதே, அது வராதா?

25 ஆகஸ்ட்

வந்தது கொசு. தண்ணீரில் புழு நெளிகிறது, அம்மா முகத்தில் "நான் அப்பவே சொன்னேன்" எழுதி ஒட்டியிருக்கிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: நாலு கப்பி மீன் விடு. மீன் விட்டால் கொசு தீரும், சரி. ஆனால் கப்பியோ கம்பூசியாவோ தவளை முட்டை எது கொசுப்புழு எது என்று பார்த்துச் சாப்பிடுவதில்லை. கம்பூசியா 1928-இல் கொசுவை ஒழிக்கவென்றே இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். ஒரு தலைப்பிரட்டையின் வாலைக் கொத்திவிட்டால் போதும், அது பெரும்பாலும் தேறாது. தவளை வேண்டுமென்றால் மீன் கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதம்.

இப்போதைக்கு டீ வடிகட்டிதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் ஆகும், அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை வடிகட்டுகிறேன். மொத்தமும் போகாது, பாதி போகும். மஞ்சள் தட்டான்கள் வந்து வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முட்டையிடுகின்றன. அதன் குஞ்சுகள் வளர்ந்தால் எனக்கு இந்த வேலை மிச்சம்.

28 செப்டம்பர்

கொசு ஒழிப்புப் பணியாளர் அக்கா வந்தார். கையில் மருந்து பாட்டில். வாசலிலிருந்தே குளத்தைப் பார்த்துவிட்டார். "சார், இவ்வளவு தண்ணிய திறந்து வச்சிருக்கீங்களே, டெங்கு சீசன்!"

அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் அந்த மருந்தை ஊற்றினால் கொசுப்புழுவோடு தட்டான் குஞ்சும் போகும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு காட்டினேன். அடியில் சேற்று நிறத்தில், ஆறு காலோடு, சப்பையாக ஒரு தட்டான் குஞ்சு அசையாமல் இருந்தது. மேலே இரண்டு கொசுப்புழுக்கள். ஒன்று நெளிந்து கீழே இறங்கியதுதான் தெரியும், குஞ்சின் முகத்துக்கு அடியில் மடங்கியிருந்த கொக்கி கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அக்கா கிண்ணத்துக்குள் குனிந்து, "இன்னொரு தடவ காட்டுங்க" என்றார். அது இன்னொரு தடவை செய்யவில்லை.

அடுத்த முறை புழு இருந்தால் ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தார். அதில் புழு கொதித்துக்கொண்டிருந்தது. டெங்குக் கொசுவுக்கு அந்த டப்பா போதும். குளத்தையே காவல் காத்தவன் அதைப் பார்க்கவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று இன்று வானிலைத் துறை அறிவித்தார்கள். தவளைகளுக்கு நேற்றே தெரிந்துவிட்டது.

இரவு பதினொரு மணிக்கு டார்ச்சோடு குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரிவில் ஆறேழு தேரைகள், தொண்டை பந்தாக ஊதி, விடாமல் ஒரே "குர்ர்ர்ர்". வல்லாரைக்குள் கட்டைவிரல் நுனி அளவுள்ள குட்டித் தவளைகள், உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத சத்தம், சீப்பின் பல்லை நகத்தால் வழித்த மாதிரி. சுவரில் மரத்தவளை, கட்டையைத் தட்டுவது போல "டக், டக்". காலி மனைத் தண்ணீரில் பெரிய தவளைகள், அசல் மஞ்சள் பூசிய உடம்பு, தாடையின் இரண்டு பக்கமும் நீலப் பை. வருஷம் முழுக்கச் சேற்றுப் பச்சையில் இருக்கிற ஆண் தவளை இந்தச் சில நாட்களுக்கு மட்டும் மாப்பிள்ளைக் கோலம் போடும்.

எதிர்வீட்டுப் பெரியவரும் வெளியே வந்துவிட்டார். தூக்கம் கெட்ட கோபம் கொஞ்ச நேரத்தில் கதையாக மாறியது. அவர் வாலிபத்தில் மழை ராத்திரிகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஆட்கள் வயலுக்கு வந்து இந்த மஞ்சள் தவளைகளைச் சாக்கில் பிடித்துப் போவார்களாம், கால் மட்டும் கப்பலேறும். 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. "இதுங்க கத்தாம இருந்திருந்தா ஒண்ணுகூட மாட்டியிருக்காது" என்றார். தவளை தன் வாயால் கெடும் என்பதை இவ்வளவு நேரடியாக நான் கேட்டதில்லை.

16 அக்டோபர்

காலையில் வேலம்பாசியைச் சுற்றி நீளநீளமாகக் கண்ணாடி நூல், உள்ளே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். தேரை முட்டை. ஊறிய சப்ஜா விதையை யாரோ பொறுமையாகக் கோத்துவைத்தது போல. இனி ஃபலூடா சாப்பிட முடியுமா தெரியவில்லை.

19 அக்டோபர்

பாத்ரூம் வாளியின் வெளிப்பக்கம் சோப்பு நுரை என்று அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார். நல்லவேளை பார்த்தேன். மரத்தவளையின் நுரைக்கூடு, முட்டை வெள்ளைக்கருவை அடித்தெடுத்த மாதிரி. தண்ணீருக்கு மேலே கட்டினால்தான் குஞ்சுகள் நுரையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழும். இங்கே விழுந்தால் டைல்ஸ். வாளியோடு தூக்கிப்போய் குளத்துக்கு மேலே பலகையில் சாய்த்து வைத்தேன். நாலு நாள் மக்கில் மொண்டு குளிக்க ஆளுக்கொரு குண்டான்.

31 அக்டோபர், தீபாவளி

தவளைச் சத்தத்தில் தூக்கம் போகிறது என்ற எதிர்வீட்டுப் பெரியவர் காலை நாலரைக்குப் பத்தாயிரம் வாலா வைத்தார்.

10 நவம்பர்

பாம்பு. தண்ணிப் பாம்புதான், கட்டம் போட்ட உடம்பு, கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடு. விஷமில்லை, பிடித்தால் கடிக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னதும் "விஷமில்ல, ஆனா கடிக்கும், அப்படித்தானே?" என்றார். மூடிவிடச் சொல்கிறார். பேரம் பேசி முடித்தேன்: வீட்டுப் பக்கம் கல் குவியலும் புல்லும் எடுத்துவிடுவது, ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் போவதில்லை, கல்லெல்லாம் தூரத்து ஓரத்தில்.

பாம்பு மட்டுமா, காலையில் மடையான் வேறு. சாம்பல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும், கழுத்து நீளும்போதுதான் கொக்கு என்று தெரியும். நூற்றுக்கணக்கில் இருந்த தலைப்பிரட்டைகள் இப்போது எண்ணிவிடலாம் போல. கொசுப்புழுவைத் தின்ற தட்டான் குஞ்சே இவற்றையும் தின்கிறது. ஒரு நாள் கோபமாக இருந்தது, வலை போட்டு மூடலாமா என்றுகூட யோசித்தேன். யாருக்காக வெட்டிய குளம் என்று கேட்டால், தவளைக்கு என்றுதான் சொல்வேன். மடையானிடம் யாரும் சொல்லவில்லை.

27 நவம்பர்

சரிவில் கூழாங்கற்கள் நகர்கின்றன என்று நினைத்தேன். குட்டித் தேரைகள்! கொண்டைக்கடலை அளவு. சிலவற்றுக்கு வால் இன்னும் கரையவில்லை, பின்னால் ஒரு கறுப்பு முள் மாதிரி. முட்டையிட்டு 42 நாள். எல்லாமே அந்தச் சரிவு வழியாகத்தான் ஏறுகின்றன, தேங்காய் மட்டைக்கு அடியில் போய் ஒளிகின்றன. ஒன்று என் விரல் நுனியில் ஏறி உட்கார்ந்தது, கனமே தெரியவில்லை, ஈரம் மட்டும்தான். வீட்டில் எல்லோரும் தரையைப் பார்த்து நடக்கிறோம். அம்மாவும்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்களுக்கு மழை. ஏரி நிறைந்து, தெரு நிறைந்து, காலி மனையும் தெருவும் என் குளமும் ஒரே தண்ணீர். எது கரை என்றே தெரியவில்லை, குட்டித் தேரைகள் காம்பவுண்டு சுவரில் ஏறி நின்றன.

இன்று தண்ணீர் வடிந்தது. அல்லி இருக்கிறது, தார்ப்பாய் ஒரு ஓரம் மடங்கியிருக்கிறது. நடுவில் ஏதோ பளிச்சென்று திரும்பியது. நாலு மாதம் யார் சொல்லியும் மீன் விடாதவனுடைய குளத்தில் ஜிலேபிக் கெண்டை, விரல் நீளத்தில், குறைந்தது ஐந்து. டீ வடிகட்டியில் அடங்காது. கொசுவலையை இரண்டாக மடித்து இறங்கியிருக்கிறேன், இதுவரை இரண்டு கிடைத்திருக்கிறது. குழம்புக்குப் போதுமா என்று அம்மா கரையிலிருந்து கேட்கிறார்.