ரசம் இல்லாத நாட்கள்

நவம்பர் 3, திங்கள்

விழுங்கச் சிரமப்படும் நோயாளிக்கு நீராக எதுவும் கொடுக்கக் கூடாதாம். ரசம் கிடையாது. நீர்மோர் கிடையாது. காபிகூட அப்படியே கூடாதாம். குழம்பு ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

பதம் பார்க்கும் விதம் இதுதான். ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஒழுகினால் நீர்த்திருக்கிறது. கரண்டியிலேயே அப்பிக்கொண்டு நின்றால் அதுவும் ஆகாது, தொண்டையிலும் அப்படித்தான் ஒட்டும். கட்டி, திப்பி, நார் எதுவும் கூடாது. ஓரத்தில் தண்ணீர் தனியாகக் கசியவே கூடாது.

நவம்பர் 4, செவ்வாய்

அந்தக் கடைசி விதியில்தான் சாம்பார் தோற்கிறது. மேலே தெளிவு, அடியில் பருப்பு. பருப்பு குறைவு என்று நினைத்து இன்னும் ஒரு பிடி போடுவார்கள். குறைவு இல்லை, மசியவில்லை.

அரை கப் துவரம்பருப்பு, ஒன்றரை கப் தண்ணீர், மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். குக்கரில் 5 விசில். ஆவி அடங்கியதும் சூட்டோடு மத்தால் கடைந்துவிட வேண்டும். ஆறவிட்டுக் கடைந்தால் மாவு மாவாக நிற்குமே தவிர ஒன்றுசேராது. புளித்தண்ணீரில் பருப்பை வேகவைக்கவே கூடாது, புளிப்பு பட்டால் பருப்பு இளகாது. தனியாக வெந்து மசிந்த பிறகுதான் புளிக்கரைசலோடு சேர வேண்டும். சேர்ந்தபின் 5 நிமிடமாவது கூடிக் கொதிக்கட்டும்.

அப்படியும் பிரிந்தால் 1 டீஸ்பூன் அரிசி மாவை கால் கப் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றி 3 நிமிடம். வெந்நீரில் கரைத்தால் மாவின் மேல்பக்கம் உடனே வெந்து தோல் கட்டிவிடும், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். அதுதான் கட்டி. சாதாரண வீட்டில் கட்டி வந்தால் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடலாம். இங்கே எதுவானாலும் வடிகட்டியில் தேய்த்துத்தான் கிண்ணத்துக்குப் போகிறது.

நவம்பர் 5, புதன்

இருமல் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

மோர்க்குழம்பு. புளிப்பு நாக்குக்குத் தெரிகிறதாம், கண்ணைச் சுருக்கியதைப் பார்த்தால் தெரிகிறது. இதை நன்றாகச் செய்ய வேண்டும்.

1 டேபிள்ஸ்பூன் துவரம்பருப்பு, 2 டீஸ்பூன் பச்சரிசி, அரை டீஸ்பூன் சீரகம், சிறு துண்டு இஞ்சி. அரை மணி ஊறட்டும். கால் கப் தேங்காய்த்துருவல், பாதிப் பச்சைமிளகாய் (இப்போதைக்குப் பாதிதான்) சேர்த்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் நெருநெருப்பு தெரியக்கூடாது. வெள்ளைப் பூசணியைக் குழைய வேகவிட்டு மசித்துக்கொள்ள வேண்டும். பூசணி வெந்த தண்ணீரை முழுக்க ஊற்றக்கூடாது, குழம்பு நீர்த்துப்போவது பெரும்பாலும் அதனால்தான்.

அரைத்ததை முதலில் ஒரு கப் தண்ணீரோடு தனியாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை போய்க் கஞ்சிப் பதம் வர 5, 6 நிமிடம். பிறகு அடுப்பைச் சிம்மில் வைத்து, கடைந்த தயிர் 2 கப், கை விடாமல் கிளறிக்கொண்டே. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் போச்சு: திப்பி வேறு, தண்ணீர் வேறு. சூட்டில் தயிரின் புரதம் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டுகிறது. அரிசியும் பருப்பும் இடையில் புகுந்து அதைத் தடுக்கின்றன, ஆனால் ஓரளவுக்குத்தான். ரொம்பப் புளித்த தயிர் இன்னும் சீக்கிரம் திரியும். மறுபடி சூடாக்க அடுப்பு வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும்.

நவம்பர் 8, சனி

இன்னும் நாளாகும் என்கிறார்கள். எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. மிக்ஸி பிளேடு மழுங்கியிருக்கிறது, தேங்காய் சொரசொரப்பாகவே வருகிறது. அம்மிதான்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் கரண்டி சரியான பதம். கிண்ணத்தின் அடிக்கு வரும்போது தண்ணீர். அடுப்பில் மீதியிருந்த அதே குழம்பு அசையாமல் நிற்கிறது. கிண்ணத்தில் இருந்தது மட்டும் இளகிவிட்டது.

எச்சில் கரண்டி. வாயிலிருந்து வந்த கரண்டியை மறுபடி அதே கிண்ணத்தில் விடுகிறோம். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிப்போடும். அரிசி மாவு, சோள மாவு, பொட்டுக்கடலை மாவு எல்லாம் மாவுச்சத்துதான். அதற்கு வேண்டியதெல்லாம் இளஞ்சூடும் கொஞ்சம் நேரமும். ஊட்டும்போது இரண்டும் தாராளமாகக் கிடைக்கிறது. மெதுவாக ஊட்டச் சொல்கிறார்கள், மெதுவாக ஊட்டினால் குழம்பு நீர்க்கிறது.

ஆகவே இனி பெரிய கிண்ணம் மேஜையில், சின்னக் கிண்ணத்தில் 4 கரண்டி அளவு மட்டும். தீர்ந்தால் சுத்தமான கரண்டியால் எடுத்து விடுவது. கெட்டித்தன்மையை மாவிடம் மட்டும் ஒப்படைக்காமல் இருப்பது. மசித்த மஞ்சள் பூசணி, விழுதாக அரைத்த முந்திரி, தேங்காய் இவற்றின் உடம்பு எச்சிலுக்கு அவ்வளவாக இளகாது. கெட்டியாக்க மருந்துக்கடையில் விற்கும் பொடியில்கூட சாந்தன் கம் என்ற பிசின் போட்டது எச்சிலுக்கு அசையாது, மாவில் செய்தது அசையும். டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்க வேண்டும்.

வெந்தயத்தை ஏன் யாரும் நினைப்பதில்லை?

நவம்பர் 10, திங்கள்

வெந்தயம் ஊறுகிறது. அரை டீஸ்பூன், 8 மணி நேரம்.

நவம்பர் 11, செவ்வாய்

அரைத்தால் நுரைத்துப் பொங்குகிறது. அதன் பிசின் மாவுச்சத்து இல்லை, எச்சில் ஒன்றும் செய்யாது. 2 கப் குழம்புக்கு அந்த அரை டீஸ்பூன் தாராளம், மிஞ்சினால் கசப்பு. கலந்தவுடன் பதம் பார்க்கக்கூடாது, பிசின் மெதுவாகத்தான் ஊதும். 10 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

சொதி. திருநெல்வேலிக் கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு, இன்று ஆஸ்பத்திரி ஸ்டீல் கிண்ணத்தில்.

ஒரு தேங்காய்க்கு மூன்று பால். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கும் கேரட்டும் குழைய வேகட்டும். கால் கப் பாசிப்பருப்பைத் தனியாகக் குழைத்து மசித்து, இரண்டாம் பாலோடு சேர்க்க வேண்டும். கெட்டி வருவது பருப்பாலும் உருளையாலும்தான், முதல் பாலால் என்று நினைத்து அதைக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். முதல் பால் கடைசியில், ஒரு கொதி எழும்பும் முன் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச்சாறு இறக்கிச் சூடு தணிந்த பிறகு. முருங்கைக்காயைத் துண்டாகப் போட வழியில்லை, வேகவைத்துச் சதையை வழித்துச் சேர்த்தால் மணம் மட்டுமாவது இருக்கும்.

நவம்பர் 14, வெள்ளி

கேட்டது வற்றல்குழம்பு. கையால் சுண்டைக்காய் அளவு காட்டி.

எலுமிச்சை அளவு புளி, இரண்டரை கப் தண்ணீர், கால் கப் நல்லெண்ணெய். வாய் அகன்ற சட்டியில், மூடாமல், பாதியாக வற்றும் வரை. இந்தக் குழம்பில் கெட்டி என்பது வற்றுவதுதான், அதற்கு அகலம் வேண்டும். குறுகிய பாத்திரத்தில் அரை மணி கூடப் போதாது. அரிசி மாவு கரைத்து ஊற்றுவதானால் கடைசி 3 நிமிடத்தில். முன்னாலேயே ஊற்றிவிட்டுப் புளியோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் மாவு உடைந்து மறுபடி இளகும், “மாவு போட்டும் கெட்டியாகலையே” என்று இன்னும் போடுவார்கள், ஆறியதும் களி.

சுண்டைக்காயை எண்ணெயில் கருகாமல் பொரித்து, பொடித்து, சலித்துச் சேர்த்தாயிற்று. மற்றவர்களுக்கு எண்ணெய் பிரிந்து மிதப்பதுதான் பதம். இங்கே அந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுக்க வேண்டியிருக்கிறது. மனசு வரவில்லை, எடுத்தாயிற்று.

நவம்பர் 15, சனி

அடுப்பில் தெரிவது பதமே இல்லை. எந்தச் சூட்டில் வாய்க்குப் போகிறதோ அந்தச் சூட்டில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பொட்டுக்கடலை போட்டது ஆற ஆற இறுகிக்கொண்டே போகும், ஒரு சுற்று தளர்வாக இறக்க வேண்டும். இறுகினால் வெந்நீர், ஒவ்வொரு ஸ்பூனாக.

நவம்பர் 17, திங்கள்

இருமல். நீண்ட இருமல். குழம்பால் இல்லை, மாத்திரைக்குக் கொடுத்த ஒரு வாய்த் தண்ணீர். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். இன்று எதுவும் அரைக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

குருமா. வெங்காயத்தைப் பச்சையாக அரைத்தால் கசக்கும், வதக்கிவிட்டு அரைக்க வேண்டும். 1 டீஸ்பூன் கசகசா வெந்நீரில் 20 நிமிடம் ஊறினால்தான் அரைபடும். 8 முந்திரி, கால் கப் தேங்காய், அரை டீஸ்பூன் சோம்பு, 1 டீஸ்பூன் பொட்டுக்கடலை. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் அரைக்க வேண்டும், நிறைய ஊற்றினால் கசகசா மசியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். விழுது சேர்த்தபின் 4 நிமிடம், அதற்குமேல் கொதித்தால் தேங்காய் எண்ணெய் கக்கும்.

தக்காளித்தோல் வடிகட்டியில் நின்றது. கசகசாவும் கொஞ்சம் நின்றது, அடுத்த முறை முந்திரி மட்டும்.

நவம்பர் 21, வெள்ளி

அரை இட்லி, குருமாவில் ஊறவைத்து மசித்து. தானே கரண்டியைப் பிடித்தாயிற்று. சின்னக் கிண்ணம்தான், இருந்தாலும் முழுக்க. நாளைக்குப் பாசிப்பருப்பு ஊறப்போட வேண்டும், தேங்காய் இரண்டு