கடலோர நகரத்தில் கராஜ் விற்பனை: ஒரு காலைக்கான திட்டம்

வீட்டில் பயன்படுத்திய பழைய பொருள்களை வாசலிலோ கராஜிலோ பரப்பி விற்கும் கராஜ் விற்பனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பொருளின் வயதைத்தான் விசாரிக்கிறார்கள். அது இத்தனை காலம் எங்கே இருந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. வெயிலும் உப்புக்காற்றும் நிறைந்த கடலோர நகரத்தில், அலமாரிக்குள் நாற்பது ஆண்டு தூங்கிய பொருளைவிட, கராஜில் நான்கு கோடையைக் கழித்த பொருள் மூப்படைந்து போயிருக்கும். அதனால் இந்த முறை காலைப் பயணத்தின் திட்டத்தையே அந்தக் கேள்வியை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

வேலை முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. அறிவிப்புகளை வாசிப்பது தனிக் கலை. ‘எல்லாம் இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று எழுதுபவர்களிடம் பெரும்பாலும் குழந்தைத் துணிகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும்தான் இருக்கும். ‘வீடு மாறுகிறோம்’ என்றால் நல்ல பொருளும் வெளியே வரும். லாரி வரும் நாள் நெருங்கிவிட்டதால் பேரமும் படியும். ஒரே தெருவில் பல வீடுகள் சேர்ந்து நடத்தும் விற்பனை கிடைத்தால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. வண்டியை ஒருமுறை நிறுத்தினால் போதும். கைக்கருவிகள், பழைய கேமரா லென்ஸ்கள், தையல் இயந்திரங்கள் ஆகிய மூன்றுக்கு மட்டுமே கண் கொடுப்பது என்று எழுதி வைத்துக்கொண்டேன். மற்றவை கண்ணில் பட்டால் படட்டும், நின்று புரட்டக் கூடாது. இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாவிட்டால் காலை முழுவதும் பீங்கான் கோப்பைகளிலேயே கரைந்துவிடும்.

அடுத்தது வழி. வரைபடத்தில் எல்லா வீடுகளையும் குறித்தபின், கடலுக்கு மிகத் தொலைவில் இருக்கும் வீட்டை முதலாவதாக வைத்தேன். காற்றில் வரும் உப்பு கரையோரத்தில்தான் மிக அதிகமாகப் படியும். உள்ளே போகப் போக விரைவாகக் குறைந்துவிடும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டுகின்றன. அதாவது மழை ஒரு துளி படாத கராஜிலும் எஃகின்மேல் உப்புநீர்ப் படலம் கிடக்கும். எனவே இரும்பு வேண்டுமானால் உள்நகரம். கண்ணாடி, பீங்கான், குளிரூட்டிய அறையில் இருந்த புத்தகம் போன்றவற்றுக்குக் கடற்கரை வீடுகள் போதும். கருவிகள்தான் விடிந்ததும் முதலில் விற்றுப்போகும் என்பதால் இந்த வரிசை இரண்டு வகையிலும் பொருந்தியது.

நேரத்தைப் பொறுத்தவரை வெயில்தான் எசமானர். பத்து மணிக்குமேல் தார்ச்சாலையில் நின்று பேரம் பேச எனக்கும் பொறுமை கிடையாது, விற்பவருக்கும் கிடையாது. ஆனால் மிகச் சீக்கிரம் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு: பனி. புல்வெளியில் விரிப்புப் போட்டு அடுக்கிய புத்தகங்களின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் புத்தகம் ஈரத்தைக் குடித்திருக்கும். அடியில் இருப்பதை எடுத்துப் பார்க்காமல் கட்டாக வாங்கவே கூடாது.

வாங்கிய பொருளுக்கும் வெயில் உண்டு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸை எட்டுவது அரிதல்ல. இசைத்தட்டுகளும் ஃபிலிம் சுருள்களும் அங்கே ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், கோணலாகவோ வீணாகவோ போய்விடும். அதனால் பழைய கம்பளி ஒன்றும், தரையோடு வைக்க ஒரு தெர்மோகோல் பெட்டியும் எடுத்துப்போனேன். பையில் சில்லறை நோட்டுகள், சிறிய டார்ச், காந்தம், அளவு நாடா, திருப்புளி, புது பேட்டரிகள், தண்ணீர். காந்தத்துக்குத்தான் அதிக வேலை. பித்தளை என்று சொல்லி நீட்டப்படும் விளக்கில் அது ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது முலாம் பூசிய இரும்பு. ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை ஆகிவிடாது. துத்தநாக வார்ப்பும் ஒட்டாது.

முதல் வீட்டில் லென்ஸ் ஒன்று கிடைத்தது. வெளியே பளபளப்பு, உள்ளே வேறு கதை. லென்ஸைப் பின்பக்கத்திலிருந்து டார்ச்சால் ஒளியூட்டி முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை நூல்நூலாகத் தெரியும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இது பொது நோய். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. அடுத்து, உள்ளே வரும் ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களைத் திறந்து மூடிப் பார்த்தேன். கோடை வெப்பத்தில் உள்ளிருக்கும் கிரீஸ் இளகி, எண்ணெய் பிரிந்து இதழ்களில் பரவியிருந்தது. இதழ்கள் சோம்பலாக அசைந்தன. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். “கராஜ் பரண்மேல்தான்” என்றார் அந்த அம்மாள், சற்றும் தயங்காமல். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

தையல் இயந்திரத்தில் இதற்கு நேர்மாறு. சிங்கர் 221, 1933-இல் அறிமுகமான சிறிய வகை, அலுமினிய உடல், ஐந்து கிலோதான் எடை. இரும்பு உடல் கொண்ட அதன் அண்ணன்மார்களை நான் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. இது உடுப்பு அலமாரியின் அடித்தட்டில், பெட்டிக்குள்ளேயே இருந்ததாம். கைச்சக்கரத்தைச் சுற்றியபோது ஆரம்பத்தில் இறுக்கம், பிறகு வழிவிட்டது. அது துரு அல்ல, காய்ந்து பசையான எண்ணெய். அதைக் கரைத்துவிடலாம். ஆனால் மின்கம்பியின் ரப்பர் உறை விரல் பட்டதும் உதிர்ந்தது. அதை மாற்றாமல் மின்சாரத்தில் இணைப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்து, அதைக் காட்டியே விலையையும் குறைத்தேன். இப்படிக் கண்ணுக்குத் தெரியும் குறையைக் காட்டிக் கேட்பதுதான் எனக்குப் பிடித்த பேரம். பொருளை மட்டம்தட்டிப் பேசிக் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்த வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்தியவர், நேற்றுவரை அது அவருடைய பொருள்.

மேசை நாற்காலி என் பட்டியலில் இல்லை. இருந்தாலும் ஒரு தேக்கு அலமாரியைக் குனிந்து பார்த்தேன். அடியில் மணல்போல் குவிந்திருந்த துகள்களை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பட்டை கொண்டது. உலர்மரக் கரையானின் எச்சம். நகர்ந்துவிட்டேன்.

உள்நகரத்தின் கடைசி வீட்டில்தான், மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி கிடைத்தது. தகரப் பெட்டிக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி, வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார் பெரியவர். ஸ்டான்லி நிறுவனம் செய்தது. பிளேடைத் தாங்கும் துண்டுக்குப் பின்னால், அடித்தட்டிலேயே மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருந்தன: 1902-ஆம் ஆண்டின் இரண்டும் 1910 ஏப்ரல் 19-உம். சேகரிப்பவர்கள் இந்த மூன்று தேதி வகையை ஏறத்தாழ 1910–1918 காலத்தது என்று கணிக்கிறார்கள். பிளேடு வெளியே நீளும் வாய்ப்பகுதியில் விரிசல் இல்லை, பக்கவாட்டில் பற்றவைத்த தழும்பும் இல்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். பேசியிருந்தால் குறைத்திருப்பார், பேசத் தோன்றவில்லை.

கடற்கரை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப்பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கண்ணாடி ஜாடிகள் வாங்கினேன். அங்கே ஒரு முழு உளிப்பெட்டி இருந்தது, ஒவ்வொன்றிலும் குழிகுழியாகத் துரு. விளிம்பு வரை குழி விழுந்த உளியைத் தீட்டினாலும் பல்பல்லாகத்தான் வெட்டும்.

வீட்டில் இழைப்புளியைப் பிரித்து, மெல்லிய துரு படிந்த பாகங்களை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தேன். எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, முடி உலர்த்தியால் சூடேற்றி, சூடு ஆறுமுன்பே எண்ணெய் தடவ வேண்டும். நம் ஊர்க் காற்றில் தானே உலரட்டும் என்று விட்டால் தேநீர் குடித்து வருவதற்குள் ஆரஞ்சுப் படலம் விழுந்துவிடும். அடித்தட்டு நன்றாக வந்திருக்கிறது. பிளேடின் முதுகுப்பக்கத்தை இன்னும் தட்டையாக்க வேண்டும். கைப்பிடியை இறுக்கும் பித்தளை மரையாணி மட்டும் இல்லை. அது 12-ஆம் எண் தடிமனில் அங்குலத்துக்கு 20 புரி கொண்ட அளவு, சாதாரண வன்பொருள் கடையில் கிடைக்காது. ஆகவே அடுத்த சனிக்கிழமைக்கான பட்டியலில் முதலிடம் உடைந்துபோன ஒரு ஸ்டான்லி இழைப்புளிக்கு. மரையாணி மட்டும் நன்றாக இருந்தால் போதும். பித்தளை என்பதால் அதற்குக் கடற்கரை வீடுகளிலும் தேடலாம்.