கிசிர்: கைப்பக்குவம் பிடிபட ஆரம்பித்திருக்கிறது

துருக்கியில் பெண்கள் ஒருவர் வீட்டில் கூடித் தேநீர் குடிக்கும்போது தட்டில் கட்டாயம் வருவது கிசிர் என்கிற புல்குர் சாலட். லெபனானின் தபூலே சாலட்டுக்கு உறவுதான். ஆனால் தபூலேயில் பார்ஸ்லி தழைதான் பிரதானம், புல்குர் ஊடே கொஞ்சம் தெரியும். கிசிரில் புல்குர்தான் எல்லாம்.

புல்குர் என்பது கோதுமையை வேகவைத்து, காயவைத்து உடைத்தது, நம் புழுங்கல் அரிசி மாதிரி. அதனால் அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. சம்பா ரவை பச்சைக் கோதுமையை உடைத்தது, வெந்நீர் ஊற்றி மூடினால் மட்டும் வேகாது. கிசிருக்கு வேண்டியது புல்குரிலேயே மிகப் பொடியான ரகம்.

தண்ணீர் அளவை இப்போது ஒரு கப் புல்குருக்கு முக்கால் கப் கொதிநீரில் நிறுத்தியிருக்கிறேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் பருக்கை லேசாக விறைத்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மீதி ஈரத்தை எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் விழுதிலிருந்தும் அதுவே இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது விழுது. ஆலிவ் எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, இரண்டு கரண்டி தக்காளி விழுதும் ஒரு கரண்டி சிவப்பு மிளகாய் விழுதும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறுகிறேன். இதைச் சூடு ஆறுவதற்குள் புல்குரில் கொட்டிக் கையால் பிசைய வேண்டும். கரண்டியால் கலந்தால் வெள்ளைத் திட்டுகள் அங்கங்கே நிற்கின்றன. விரல் நுனியால் தேய்த்துப் பிசையப் பிசைய ஒவ்வொரு பருக்கையும் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது, ஆனாலும் உதிரியாகவே இருக்கிறது. கிசிரின் ருசி முழுக்க இந்தப் பிசைதலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் சீரகத்தூள், உப்பு, எலுமிச்சை, மாதுளைப் பாகு. இந்தப் பாகுக்குப் பதில் புளிக்கரைசல் ஊற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சும்போது வருகிற பழப் புளிப்பும் அடியில் நிற்கும் இனிப்பும் புளியில் வராது. நன்றாக ஆறிய பிறகு வெங்காயத்தாள், பார்ஸ்லி, புதினா. சூட்டில் போட்டால் தழை கருத்துவிடும். லெட்யூஸ் இலையில் சுருட்டிச் சாப்பிட்டால் அருமை.

அடுத்து மிளகாய் விழுதை வீட்டிலேயே செய்யப் போகிறேன். துருக்கியின் காஸியன்டெப், அன்டாக்யா நகரங்கள் பக்கம் கோடை முடிவில் சிவப்பு மிளகாயை அரைத்து, உப்புச் சேர்த்து, மாடி வெயிலில் கெட்டியாகும் வரை காயவிடுவார்கள். காரம் குறைந்த, சதைப்பற்றுள்ள மிளகாயாகப் பார்த்து வாங்க வேண்டும்.